எக்ஸிபிட் பி-7

இன்ஜின் சீஸ் ஆன வழக்கு என்றால் இரு தரப்பும் என்ன சொல்லும் என்பது எங்கள் தொழிலில் மனப்பாடம். வண்டிக்காரர், "கண்ட ஆயிலை ஊற்றிக் கெடுத்துவிட்டார்கள்" என்பார். ஒர்க்‌ஷாப்காரர், "ஆயில் லைட் எரிய எரிய ஓட்டிக் கெடுத்துக்கொண்டார்" என்பார். இன்ஜினை அதுவரை ஒருவரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் நான் மனுதாரருக்காக நடத்திய ஒரு வழக்கும் அப்படித்தான் தொடங்கியது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்த காலம். மாவட்ட மன்றம் 'ஆணையம்' ஆனதெல்லாம் 2020 ஜூலையில் புதுச் சட்டம் அமலுக்கு வந்த பிறகுதான்.

மனுதாரர் மேட்டுப்பாளையம் பக்கம். சொந்தமாக ஒரு டீசல் டாக்ஸி, ஓட்டுவதும் அவரே. கோவையிலிருந்து ஊட்டிக்கு ஆள் ஏற்றிப்போய் இறக்கிவிட்டு வருவதுதான் பிழைப்பு. மலை இறங்கி, சமவெளியில் கொஞ்ச தூரம் ஓடி, சிக்னலில் நின்றால் டேஷ்போர்டில் சிவப்பு எண்ணெய்க் கெண்டி மினுக்கும். ஆக்சிலேட்டரைத் தொட்டால் அணைந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு தொந்தரவும் இருக்காது. சூடேறிய பிறகு, வண்டி நிற்கும்போது மட்டும்தான் இந்த மினுக்கல்.

கோவையில் எல்லாக் கம்பெனிக் கார்களும் பார்க்கும் பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் வண்டியை விட்டார். ஜாப் கார்டில் அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டார்கள்: 'சூட்டில் ஐடிலிங்கில் ஆயில் லைட் எரிகிறது, செக் செய்யவும்.' மாலையில் வண்டி திரும்பி வந்தது. பில்லில் ஆயில் ஃபில்டர் ஒன்று, 20டபிள்யூ-50 ஆயில், லேபர்.

"லைட்டு நின்னு போச்சுங்க. நல்லாப் பாக்கறாங்கன்னு ஸ்டாண்டுல நாலு பேர்த்துக்கிட்டச் சொன்னேனுங்க" என்றார் என்னிடம்.

அடுத்த மாதம் சேலம் போய்த் திரும்புகையில், பெருந்துறை தாண்டியதும் இன்ஜினில் இடி சத்தம். ஓரங்கட்டுவதற்குள் நின்றுவிட்டது. அதற்குமுன் லைட் எரிந்ததா என்பதுதான் பதிலுரையில் பெரிய விஷயமாகப்போகிறது என்று தெரியும். ஆகவே முதல் நாளே துருவிக் கேட்டேன். எரியவில்லை, இன்ஜின் நின்ற நொடியில் எல்லா லைட்டும் சேர்ந்து எரிந்தன என்றார். இன்ஜின் நின்றால் எந்தக் காரிலும் அப்படித்தான் எரியும் என்பதால் நம்பினேன்.

எதிர்த்தரப்பு முதலில் பிடித்துக்கொண்டது, டாக்ஸி வணிகப் பயன்பாடு, இவர் நுகர்வோரே அல்ல என்ற வாதத்தை. அதற்கு நான் அதிகம் மெனக்கெடவில்லை. லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் வழக்கில் 1995ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்பது அதில் வரும் உதாரணமே. கோவை நிறுவனம் ஒன்று கட்சியாக இருந்த வழக்கு என்பதால் இந்த ஊர் வக்கீல்களுக்கு அதன் பக்க எண் வரை தெரியும். எதிர்த்தரப்பு சீனியரும் அதை ஒப்புக்குத்தான் வாதிட்டார்.

சண்டை ஆயிலில்தான் நடந்தது. காரின் கையேடு 5டபிள்யூ-30 போடச் சொல்கிறது. இவர்கள் ஊற்றியது 20டபிள்யூ-50. கேட்டால், "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்று பதிலுரையில் ஒரு பத்தி. இது ஒர்க்‌ஷாப்களில் பரவலாக இருக்கும் நம்பிக்கை. அம்பாசிடர் காலத்தில் கை பழகியவர்களுக்கு 20டபிள்யூ-40க்குக் கீழே எல்லாமே தண்ணீர்.

அந்த எண்களை எனக்கு விளங்க வைத்தவர், ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பேராசிரியர். நிபுணர் சாட்சியாக அவரைத்தான் பிடித்திருந்தேன். எஸ்.ஏ.இ. ஜே300 என்ற தரநிலையில் வரும் எண்கள் அவை. முன்னால் நிற்கும் எண்ணும் டபிள்யூவும் குளிரைச் சேர்ந்தவை. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15லும் வைத்து, இன்ஜின் சுற்றுமா என்று சோதிப்பார்கள். ஊட்டியில் உறைபனி விழும் இரவில்கூட அந்தச் சூழ்நிலை வராது. நமக்குக் கணக்கு பின்னால் வரும் எண். 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதை அது சொல்கிறது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் இருக்க வேண்டும். 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. அதாவது இவர்கள் ஊற்றிய ஆயில், சூடேறிய இன்ஜினில், இருக்க வேண்டியதைவிட சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் கெட்டி.

வெயில் வாதத்தை அவர் ஒரே வரியில் தள்ளிவிட்டார். வெளியே கோவை வெயிலோ குன்னூர்க் குளிரோ, இன்ஜின் சூடேறிவிட்டால் தெர்மோஸ்டாட் தண்ணீரின் சூட்டை ஒரே அளவில் பிடித்து நிறுத்திவிடும். ஆயிலின் சூடும் பெரும்பாலும் அதை ஒட்டியே 100 டிகிரி வாக்கில் நிற்கும். ஆனால், "இதை வைத்து ஜெயித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்" என்றும் சேர்த்துச் சொன்னார். கெட்டி ஆயில் ஊற்றினால் மைலேஜ் குறையும், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மேலே ஆயில் ஏறக் கொஞ்சம் தாமதமாகும். நல்ல நிலையில் இருக்கும் ஒரு இன்ஜின் அதற்காக ஒரே மாதத்தில் சீஸ் ஆகாது. எங்கள் கையேட்டிலேயே சூடான பகுதிகளுக்கு 15டபிள்யூ-40 ஊற்றலாம் என்று ஒரு பட்டியல் இருந்தது. 50 அதில் இல்லை, அவ்வளவுதான். நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் ஒரு கிராங்க் ஷாஃப்ட் செத்துப்போனது என்று எந்த மன்றத்தை நம்ப வைப்பது?

இதற்கு நடுவில் எதிர்த்தரப்பு, இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பில் மிச்சமிருக்கும் ஆயிலைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பக் கோரி பிரிவு 13(1)(சி)யின் கீழ் ஒரு இடைக்கால மனு (ஐ.ஏ.) போட்டது. அந்தப் பிரிவு பொருளில் குறை இருக்கிறது என்று சொல்லும் புகாருக்கு உரியது. எங்கள் புகார் சேவைக் குறைபாடு பற்றியது, அதற்கு 13(2) என்று எதிர்த்தேன். தவிர, ஓடிய ஆயிலைச் சோதித்து ஊற்றிய ஆயிலைக் கண்டுபிடிக்க முடியாது. டீசல் கலந்தால் இளகும், கரி சேர்ந்தால் இறுகும். மன்றம் அந்த ஐ.ஏ.வைத் தள்ளியது. ஆனால் இரு தரப்பு முன்னிலையில் இன்ஜினைத் திறந்து பார்த்து அறிக்கை தர ஒரு அட்வகேட் கமிஷனரை நியமித்தது. நான் கேட்டதுதான் அது.

சிங்காநல்லூரில் ஒரு ஷெட்டில் வண்டி நின்றிருந்தது. கமிஷனர், எதிர்த்தரப்பு சீனியரின் ஜூனியர், அவர்களுடைய ஃபோர்மேன், பேராசிரியர், மனுதாரர், நான். சம்ப்பைக் கழற்றினார்கள். உட்புற விளிம்பைச் சுற்றிலும் சாம்பல் நிறத்தில், ரப்பர் மாதிரி, சிலிகான் பேஸ்ட் பிதுங்கிக் காய்ந்திருந்தது. சம்ப்பை இன்ஜினோடு ஒட்டவைக்கும் பேஸ்ட். தேவைக்கு மேல் பூசினால் இறுக்கும்போது வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடுவார்கள். உள்ளே பிதுங்குவதை யார் பார்க்கிறார்கள்? சூடான ஆயிலில் ஊறி அது துண்டு துண்டாகப் பிய்ந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயில் இருக்கும் வலையில் போய் அடைத்துக்கொள்ளும். பேராசிரியர் அந்த ஸ்ட்ரெய்னரைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் கவிழ்த்துத் தட்டினார். புழு மாதிரிச் சுருண்ட சிலிகான் துண்டுகளும் கறுப்புக் கசடும் விழுந்தன. வலையில் பாதிக்கு மேல் மூடியிருந்தது. கனெக்டிங் ராட் பேரிங் ஒன்று தன் இருப்பிடத்திலேயே சுழன்று, மேல்பூச்செல்லாம் போய், செம்பு பளபளத்தது.

ஃபோர்மேன் சிரித்தார். "இந்தச் சம்ப்பை எங்க ஒர்க்‌ஷாப்புல இறக்கவே இல்லைங்க சார்." உண்மைதான், அவர்கள் பில் எதிலும் அந்த வேலை இல்லை. நான் என் கட்சிக்காரரைப் பார்த்தேன். அவர் வண்டியின் பின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே டீக்கடையில் உண்மை வந்தது. வருடத்துக்கு முன்னால் கோத்தகிரி வழியில் ஒரு கல்லில் சம்ப் தட்டி ஆயில் ஒழுகியிருக்கிறது. மச்சினன் காரமடையில் டூவீலர் மெக்கானிக். அவனே சம்ப்பைக் கழற்றித் தட்டி நிமிர்த்தி, பேஸ்ட் பூசி மாட்டிக் கொடுத்திருக்கிறான். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு நெனச்சனுங்க" என்றார். சம்பந்தம் உண்டு என்று தெரிந்துதான் மூடி வைத்தார் என்பது என் கணிப்பு. கட்சிக்காரர்கள் வக்கீலிடம் மறைப்பது பெரும்பாலும் பணத்தையோ குற்றத்தையோ இல்லை, சொந்தக்காரரைத்தான்.

எதிர்த்தரப்பு உடனே கூடுதல் பதிலுரை போட்டது. காரணம் சிலிகான், சிலிகானுக்குக் காரணம் மனுதாரரின் ஆள், மனுவைத் தள்ளுங்கள். நியாயமாகக்கூடப் பட்டது. அன்று சாயங்காலம் பேராசிரியர் வீட்டில் உட்கார்ந்து, கேஸை முடித்துக்கொள்ளலாமா என்ற கணக்கில்தான் பேச்சைத் தொடங்கினேன். அவர் கேட்டது வேறு: "சிலிகான் அடைத்திருந்தது சரி. அப்படியானால் அவர்கள் ஆயிலை மாற்றியதும் லைட் ஏன் அணைந்தது?"

அந்தக் கேள்விக்குள்தான் வழக்கு முழுவதும் இருந்தது.

ஆயில் பிரஷர் என்பது பம்ப் உண்டாக்குவது என்று நாம் நினைக்கிறோம். பம்ப் ஒரு சுற்றுக்கு இவ்வளவு ஆயில் என்று தள்ளுகிறது, அவ்வளவே. போகும் வழியில் எதிர்ப்பு இருந்தால்தான் பிரஷர் ஏறும். தோட்டத்து ஹோஸ் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும், ஆனால் வாளி நிறையக் கூடுதல் நேரம் பிடிக்கும். பிரஷர் அதிகம் என்பதற்கு ஆயில் அதிகமாகப் போகிறது என்று அர்த்தமில்லை. பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினால் ஆயில் சுலபமாக வெளியே ஓடிவிடும், பிரஷர் இறங்கும். சூட்டில் ஆயில் இளகும்போது, பம்ப் மெதுவாகச் சுற்றும் ஐடிலிங்கில், இறக்கம் உச்சத்தில் இருக்கும். மனுதாரரின் லைட் மினுக்கியது சரியாக அந்த வேளையில்தான். அரைகுறையாக ஆயில் கிடைத்துப் பேரிங்குகள் அதற்குள் தேயத் தொடங்கியிருந்தன.

அதில் கெட்டி ஆயிலை ஊற்றினால் தேய்ந்த இடைவெளியில் அது அவ்வளவு எளிதாக ஒழுகாது. பிரஷர் ஏறும். லைட் அணையும். ஆனால் பம்ப்புக்கு மறுபக்கம், உறிஞ்சும் பக்கம், நிலைமை மோசமாகும். பாதி அடைத்த வலை வழியாகக் கெட்டி ஆயிலை இழுப்பது கஷ்டம். ஐடிலிங்கில் சமாளித்துவிடும். நெடுஞ்சாலையில் 3,000 சுற்றில் பம்ப் கேட்கும் அளவு ஆயில் வலையைத் தாண்டி வராது. பம்ப்புக்குள் வெற்றிடக் குமிழிகள் உண்டாகும், பேரிங் பட்டினி கிடக்கும்.

அப்போது லைட் எரிந்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். அங்கேதான் அவர் சிரித்தார். அந்த லைட்டுக்கான சுவிட்ச் ஏறக்குறைய அரை பார் அளவுக்கு வைக்கப்பட்டது. அதற்குக் கீழே போனால் எரியும், மேலே இருந்தால் எரியாது, இன்ஜின் எத்தனை வேகத்தில் ஓடினாலும் அதே அரை பார்தான். மெக்கானிக்குகளின் வாய்ப்பாட்டுக் கணக்கு 1,000 சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ., அதாவது முக்கால் பாருக்குக் கொஞ்சம் குறைவு. 3,000 சுற்றில் 2 பார் வேண்டும். அங்கே 1 பார்தான் இருக்கிறது என்றால் பேரிங் செத்துக்கொண்டிருக்கிறது, லைட் அணைந்தே இருக்கிறது. கேஜ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அவர் சொன்ன இன்னொரு சங்கதி வழக்குக்குத் தேவையில்லை, ஆனாலும் எனக்குப் பிடித்தது. 1880களில் இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்பவர் ரயில் அச்சுப் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் ஊற்ற பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுற்றத் தொடங்கியதும் அதன் வழியே ஆயில் மேலே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்தார், அதுவும் வெளியே வந்தது. கேஜ் மாட்டினால் முள் 200 பி.எஸ்.ஐ.யைத் தாண்டிப்போனது. அங்கே பம்ப்பே கிடையாது! சுற்றும் தண்டு தானே ஆயிலை இடுக்கில் இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்ளும் பிரஷரை உண்டாக்குகிறது. 1886ல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். காரின் பம்ப் செய்வது அந்த இடுக்கு காயாமல் ஆயில் கொடுப்பது மட்டும். தூக்கிப் பிடிப்பது அதன் வேலை இல்லை.

இரவோடு இரவாக வழக்கைத் திருப்பிப் போட்டேன். தவறான ஆயில் என்ற குற்றச்சாட்டை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, ஜாப் கார்டைக் கையில் எடுத்தேன். 'செக் செய்யவும்' என்று எழுதி வாங்கியவர்கள் எதைச் செக் செய்தார்கள்?

நுகர்வோர் மன்றத்தில் சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது அபூர்வம். அஃபிடவிட்டுகளை வைத்துச் சுருக்கமாக முடிக்கும் நடைமுறை அது. எழுத்தில் கேள்விப் பட்டியல் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கலாம். பலர் இதைக் குறையாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு சௌகரியம் தெரிகிறது: கூண்டில் நிற்கும் சாட்சி மழுப்புவான், எழுதிக் கொடுக்கும் சாட்சி புத்திசாலித்தனம் காட்டுவான். சர்வீஸ் அட்வைசருக்குச் சின்னச் சின்னக் கேள்விகளாகக் கொடுத்தேன். ஆயில் பிரஷரை எந்தக் கருவியால் அளந்தீர்கள்? சூடான ஐடிலிங்கில் எத்தனை பார்? 3,000 சுற்றில் எத்தனை பார்? வந்த பதில் ஒரே வாக்கியம். ஆயில் மாற்றிய பின் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, ஆகவே பிரஷர் சரியாக இருந்தது.

அதோடு எக்ஸிபிட் பி-7ஐச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாங்கள் சாதாரண ஒர்க்‌ஷாப் இல்லை, எல்லாக் கருவிகளும் உள்ள இடம் என்று காட்டுவதற்காக அவர்களே தாக்கல் செய்த புகைப்படம். வரவேற்பறைச் சுவரில் மாட்டிய கட்டணப் பலகை. வீல் அலைன்மெண்ட், ஏ.சி. கேஸ் என்று நீளும் பட்டியலில் நடுவே ஒரு வரி: 'ஆயில் பிரஷர் டெஸ்ட் (கேஜ்)', எதிரே ஒரு சின்னத் தொகை. சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் கேஜைத் திருகி, இன்ஜினைச் சூடாக்கி, முள்ளைப் பார்க்கும் வேலை. அரை மணி நேரம் பிடிக்கும். கேஜ் இருந்தது, விலை போட்டிருந்தது, ஆயில் லைட் எரிகிறது என்று வந்த வண்டிக்கு மட்டும் அதை மாட்டவில்லை. அதற்குப் பதில், கையேட்டில் இல்லாத கெட்டி ஆயிலை ஊற்றி லைட்டை அணைத்துக் கொடுத்தார்கள்.

வாதத்தில் நான் கேட்டது இதுதான். ஒருவர் காரில் எச்சரிக்கும் சாதனம் அந்த ஒரு லைட்தான். அதை அணைத்துக் கொடுத்துவிட்டு, "லைட் எரியவில்லையே" என்று அவரும் நம்பக் கூடாது, நாங்கள் மட்டும் நம்புவோம் என்றால் எப்படி? எதிர்த்தரப்பு சீனியர் அனுபவசாலி, சிலிகானை விடவே இல்லை. பெண் உறுப்பினர் ஒருவர் மட்டும் அவரை இடைமறித்து, "அன்றைக்கு அளந்து பார்த்துச் சம்ப்பை இறக்கியிருந்தால் அந்தச் சிலிகானை நீங்கள்தானே கண்டுபிடித்திருப்பீர்கள்?" என்று கேட்டார். சீனியர் தண்ணீர் குடித்தார்.

உத்தரவு எனக்குப் பிடித்த வகையில் இருந்தது, ஏனென்றால் அது இரு தரப்பையும் உதைத்தது. ஆயில் தேர்வு தவறா சரியா என்பதில் மன்றம் தலையிடவில்லை. அளக்காமல் விட்டதும், குறையைச் சொல்லாமல் விட்டதும் சேவைக் குறைபாடு என்றது. பேரிங் ஏற்கெனவே தேய்ந்திருந்ததால், பேரிங் செட்டையும் ஸ்ட்ரெய்னரையும் எப்படியும் மனுதாரர் மாற்றியே இருக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டும் ராடும் பிளாக்கும் போனது, அந்த நாளில் அளக்காததால் வந்தது. மொத்தச் செலவில் 60 சதவீதம் எதிர்மனுதாரர் தலையில், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஒரு தொகை. மேல்முறையீட்டுக்கு டெபாசிட் கட்ட வேண்டுமே என்றோ, பி-7ஐ மறுபடி ஒரு அமர்வு பார்க்க வேண்டாமே என்றோ, அவர்கள் சென்னைக்குப் போகவில்லை. செக் வந்துவிட்டது. மனுதாரர் அதற்குள் உக்கடத்தில் ஒரு பழைய இன்ஜின் பிடித்து வண்டியை ஓட்டத் தொடங்கியிருந்தார்.

செக்கை வாங்க வந்த அன்று, "மீதி நாப்பது பர்சன்ட்டு மச்சினன்மேல கேஸ் போட்டு வாங்க முடியுங்களா வக்கீலய்யா?" என்று கேட்டார். சம்ப் மாட்டியதற்குக் காசு கொடுத்தீர்களா என்றேன்.

"அக்கா புருசங்கிட்டப் போயி காசு வாங்குவானுங்களா?"

அப்படியானால் பிரிவு 2(1)(ஓ)வின்படி அது சேவையே ஆகாது, இனாமாகச் செய்த வேலைக்கு நுகர்வோர் மன்றத்தில் வழக்குக் கிடையாது என்றேன்.

"அதைய ஒருக்கா வூட்டுக்கு வந்து எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லிப்போடுங்க. கேஸ் போடறேன்னு வாய் தவறிச் சொன்னதுல இருந்து கடைச் சோறுதானுங்க."